ஒரே ஒரு பகல் கையில் இருந்தால்: அனுராதபுரமா, பொலன்னறுவையா?

இலங்கைக்குக் கிளம்பும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். கண்டி உண்டு, சிகிரியா உண்டு, கடற்கரைக்கு இரண்டு நாள் ஒதுக்கியாயிற்று. பழைய தலைநகரங்களுக்கு மிஞ்சுவது ஒரு பகல். அனுராதபுரம், பொலன்னறுவை இரண்டுமே உலகப் பாரம்பரியச் சின்னங்கள். இரண்டும் 1982இல் ஒன்றாகவே அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. எதை விடுவது?

நான் இரண்டுக்கும் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை தனியாக, அடுத்து அப்பா அம்மாவோடு, கடைசியாகப் பன்னிரண்டு வயது மகளோடு. ஒரு பகல்தான் என்றால் பொலன்னறுவைக்குப் போங்கள் என்பது என் பதில். இந்தப் பதிலுக்கு விலக்குகள் உண்டு. எங்கள் அப்பாவே அதில் ஒருவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வயதில் இரண்டு நகரங்களும் ஒன்றுக்கொன்று ஈடே இல்லை. அனுராதபுரம் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு அளவில் தொடங்கி, பத்தாம் நூற்றாண்டின் முடிவு வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் தலைநகராக இருந்தது. பொலன்னறுவையின் காலம் இருநூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டும். நீண்ட ஆயுள்தான் பெருமை என்றால் போட்டிக்கே இடமில்லை. ஆனால் ஒரு பகலில் பார்க்க வருபவருக்கு அந்த நீண்ட ஆயுளே பெரிய சுமையாகிவிடுகிறது. அனுராதபுரத்தில் ஒரு நூற்றாண்டு இன்னொரு நூற்றாண்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதல் தூபி தேவநம்பிய தீசன் காலத்தது. ருவன்வெலிசாயா துட்டகைமுனு காலத்தது. ஜேதவனராமயா அதற்கும் நானூறு ஆண்டுகளுக்குப் பின் மகாசேனன் எழுப்பியது. யார் எப்போது எதற்காகக் கட்டினார்கள் என்று மனத்தில் வரிசைப்படுத்துவதற்குள் மாலையாகிவிடும். பொலன்னறுவையில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலானவை 12ஆம் நூற்றாண்டின் கட்டடங்கள். முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் என்ற இரண்டு மன்னர்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி நகரம் விளங்கிவிடும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அனுராதபுரத்தை ‘இடிபாடு’ என்று சொல்வதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அரசங்கிளையிலிருந்து வளர்ந்த ஸ்ரீ மகா போதி அங்கே இன்னமும் துளிர்க்கிறது. மனிதர் நட்டு, நட்ட காலம் பதிவாகி, இன்றும் உயிரோடு நிற்கும் மரங்களில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாமரையும் அல்லியும் தட்டில் ஏந்தி அதிகாலையிலேயே வந்துவிடுகின்றன. கைக்குழந்தையை முதன்முதலாகக் கொண்டுவந்து அந்த மரத்தின் அடியில் காட்டும் தாயைப் பார்த்தேன். திருச்செந்தூரில் குழந்தையைச் சன்னிதிக்குத் தூக்கிப்போகும் அம்மாக்களின் முகம்தான் அவருக்கும் இருந்தது. அங்கே பார்வையாளராகப் போகிறவர் தம்மைச் சற்று ஒதுக்கி நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் காமிராவோடு போவது இன்னொருவருடைய கோயிலுக்குள்.

அனுராதபுரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வடக்கே காட்டுக்குள் கிடக்கும் அபயகிரி மடாலயம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துறவி பாகியான் இத்தீவில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அபயகிரியில் ஐயாயிரம் துறவிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஒருநாள் அங்கிருந்த பச்சைக்கல் புத்தர் சிலைக்கு முன்னால் வணிகர் ஒருவர் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைப் பார்த்ததும், ஊரை விட்டுப் பல ஆண்டுகள் ஆன அந்த மனிதருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்று அங்கே மரவேர்கள் கவ்விய கல் மேடைகளும், துறவிகளின் உணவுக்கூடத்தில் சோறு கொட்டிய நீண்ட கல் தொட்டியும், இரட்டைக் குளமும் இருக்கின்றன. கூட்டம் குறைவு. ஆனால் நகரின் தெற்கு முனையிலுள்ள இசுருமுனியா விகாரையிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஐந்து கிலோமீட்டர் அளவில் ஆகும். இடையில் எட்டுத் திசையிலும் ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பகல் பயணத்தில் பெரும்பாலோர் கைவிடுவது அபயகிரியைத்தான். அதைக் கைவிட்டு அனுராதபுரம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜேதவனராமயாவைப் பற்றி ஒரு சொல். ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட செங்கற்களால் கட்டப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எழுந்த காலத்தில் அதன் உயரம் ஏறத்தாழ 122 மீட்டர். அன்றைய உலகில் எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்த உயரம். இன்று எழுபது மீட்டர் அளவில் நிற்கிறது. வெள்ளை பூசாத செந்நிறத்தில் அதன் அடியில் நிற்கும்போது, தஞ்சை விமானத்தின் கீழ் நின்றபோதுகூட வராத ஒரு மலைப்பு எனக்கு வந்தது.

இனி பொலன்னறுவை. இந்த நகரம் தலைநகரானதற்கே சோழர்கள்தான் காரணம். 993இல் ராஜராஜனின் படை அனுராதபுரத்தைச் சூறையாடியது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் முடியோடும் அரசியோடும் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான்; அங்கேயே இறந்தான். மகாவலி கங்கைக்கு அருகில், தெற்கே உரோகணப் பகுதியிலிருந்து வரும் எதிர்ப்பைக் கண்காணிக்க வசதியாக இருந்த பொலன்னறுவையைச் சோழர்கள் தங்கள் ஆட்சியிடமாக்கிச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டிய பிறகும் தலைநகர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

தமிழராக இதைப் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு உணர்ச்சிகளையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சோழர்களை இரத்தம் குடிக்கும் யக்கர்களுக்கு ஒப்பிடுகிறது. விகாரைகளை இடித்து, தாது அறைகளைத் திறந்து, பொற்சிலைகளை வாரிக்கொண்டு போனார்கள் என்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஈழ மண்டலத்து ஊர்களும் அந்தக் கோயிலுக்கு வருவாய் தரும்படி எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அனுராதபுரத்தில் சரிந்து கிடக்கும் தூண்களுக்கு நடுவே நடக்கும்போது இதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நாம் பெருமையோடு சொல்லும் கோயிலுக்கு இந்தத் தூண்களும் ஒரு விலை கொடுத்திருக்கின்றன.

பொலன்னறுவையில் அந்தக் காலத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. பபளு விகாரைக்குக் கிழக்கே ஒற்றையடிப் பாதை போல ஒரு வழி பிரிகிறது. அங்கே இரண்டாம் சிவதேவாலயம் என்று பலகை வைத்திருக்கும் சிறு கற்றளிதான் வானவன்மாதேவி ஈச்சரம். ராஜேந்திரனின் தாய் வானவன்மாதேவியின் பெயரால் எழுந்தது. பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. அடி முதல் முடி வரை கல். சுவரில் தமிழ் எழுத்துகள் ஓடுகின்றன; அதிராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டும் அவற்றில் உண்டு. கும்பகோணத்துப் பக்கம் ஒரு வயலோரக் கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து குரங்குகள் விளையாடும் காட்டில் வைத்ததுபோல இருக்கும். வாசலில் நந்தி சிதைந்திருக்கிறது. நாங்கள் போன அன்று லிங்கத்தின் மேல் யாரோ மூன்று அரளிப்பூக்கள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மகள் எழுத்துக்கூட்ட முயன்றாள். ‘ம’வையும் ‘ன’வையும் அடையாளம் கண்டுகொண்டாள். பயணம் முழுவதிலும் அவள் தானாக நின்ற இடம் அதுதான். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல் நேரே போய்விடுகிறார்கள். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது, மேடான நாற்சதுக்கத்தில் அட்டதாகே என்ற கட்டடத்தை ஒட்டி நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. விஜயபாகு காலத்தில் எழுந்த தந்த தாது (புத்தரின் பல்) ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது, எழுதப்பட்டிருப்பது தமிழில். சோழர்களை விரட்டிய மன்னன் எழுப்பிய ஆலயம், பௌத்தத்தின் மிகப் புனிதமான பொருள், அதற்குக் காவல் தமிழ் பேசிய வீரர்கள். எங்கள் குலம் உள்ளளவும் காப்போம் என்கிற உறுதி கல்லில் இருக்கிறது. இரு மொழிகளின் வரலாற்றைப் பகைமை என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கப் பார்ப்பவர்கள் ஒருமுறையாவது இந்தக் கல்லின் முன்னால் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதே சதுக்கத்தில் வட்டதாகே என்ற வட்ட வடிவத் தாது மண்டபம் இருக்கிறது. நான்கு வாசல், நான்கு திசை பார்த்து நான்கு புத்தர். படியின் அடியிலிருக்கும் அரைவட்டமான சந்திரவட்டக்கல்லைக் குனிந்து பாருங்கள். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது என நான்கு விலங்குகள் வலம் வரும். இங்கே எருது இல்லை. சைவர்கள் நந்தியாக வணங்கும் உருவத்தைக் காலில் மிதிக்கும் கல்லில் செதுக்கத் தயங்கினார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். இரண்டு நகரங்களையும் பார்த்தவருக்கு மட்டுமே புலப்படும் வேறுபாடு இது. ஒரு பகல்தான் இருக்கிறது என்பவர்கள் இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல் விகாரையைப் பற்றிச் சொல்லாமல் பொலன்னறுவையைப் பரிந்துரைக்க முடியாது. ஒரே பாறையின் முகத்தில் நான்கு உருவங்கள். கிடந்த கோலத்திலுள்ள புத்தரின் நீளம் 14 மீட்டர். தலையணை தலையின் பாரத்தில் இலேசாக அமுங்கியிருப்பதைக் கருங்கல்லில் காட்டியிருக்கிறார்கள். ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. அது உறக்கம் இல்லை, பரிநிர்வாணம் என்பதற்கான குறிப்பு. பக்கத்தில் கைகளை மார்பில் கட்டி நிற்கும் ஏழு மீட்டர் உருவம் ஆனந்தரா, புத்தரேதானா என்று அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எதிரே பாறையில் உட்கார இடம் இருக்கிறது. அரை மணி நேரமாவது உட்காருங்கள். மேலே போட்டிருக்கும் கூரை வெயிலை மறைத்தாலும், மாலை நான்கு மணிக்கு மேல் சாய்வாக வரும் ஒளியில் கல்லின் வரிகள் நீரோட்டம்போல் தெரிகின்றன.

அனுராதபுரத்தில் இதற்கு நிகராக ஒன்று இருக்கிறதா என்றால், அபயகிரியின் சமாதி புத்தரைச் சொல்லலாம். தனியாகப் பார்த்தால் அதன் அமைதி எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அதன் சூழலில் அதிக நேரம் உட்கார விடாத நடமாட்டம் இருக்கிறது.

இனி கால், வெயில், வண்டி. முடிவை மாற்றுவது பல சமயம் இவைதான்.

இரண்டும் உலர்வலயம். நண்பகல் வெயில் இரக்கமில்லாதது. புனித இடங்களில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அனுராதபுரத்தில் வணக்கத்துக்குரிய மேடைகள் அதிகம் என்பதால் வெறுங்காலோடு நடப்பதும் அதிகம். ருவன்வெலிசாயாவின் கல்தளம் பதினொரு மணிக்கு மேல் தோசைக்கல். அம்மா சுற்றிவர முடியாமல் நிழலில் நின்றுவிட்டார். கெட்டியான காலுறை ஒரு சோடி பையில் இருந்தால் போதும், அதை அணிந்துகொண்டு நடக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதை இரண்டு ஊரிலுமே அவமதிப்பாகக் கருதுகிறார்கள்.

பொலன்னறுவையில் முக்கியமான இடங்கள் தெற்கு வடக்காக ஒரு சாலையை ஒட்டிக் கோர்த்ததுபோல் இருக்கின்றன. சமதரை, மரநிழல், போக்குவரத்துக் குறைவு. வாடகைச் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய நகரம் நான் பார்த்ததில்லை. காலை ஏழரைக்குத் தொடங்கி, பதினொன்றரைக்கு நிறுத்தி, ஏரிக்கரை அருங்காட்சியகத்திலும் சாப்பாட்டிலும் உச்சிவெயிலைக் கழித்து, மூன்று மணிக்கு மறுபடி மிதித்தால் அவசரமில்லாமல் முடியும். அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள், வட்டதாகே போன்றவை கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கான மாதிரிகள் அங்கே இருக்கின்றன. சிவதேவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகளில் சிலவற்றையும் அங்கே காணலாம். மற்றவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அனுராதபுரத்திலும் சைக்கிள் கிடைக்கும், ஆனால் இடையிடையே வாகனச் சாலைகளைக் கடக்க வேண்டும், வழி கிளை கிளையாகப் பிரியும். அங்கே ஆட்டோவே சிறந்தது. நாள் முழுவதுக்குமான தொகையையும், அபயகிரி சேர்ந்ததா என்பதையும் ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டினருக்கு இரண்டிலும் கணிசமானது. பொலன்னறுவையில் ஒரே டிக்கெட்டில் பெரும்பாலானவை அடங்கிவிடும். அனுராதபுரத்தில் இசுருமுனியாவுக்குத் தனி, அருகிலுள்ள மிகிந்தலைக் குன்றுக்குத் தனி. சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பிரதியை வைத்துக்கொண்டு போய்த் திரும்பி அலைய வேண்டாம்.

நீங்கள் வரும் திசையும் முக்கியம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தாலும், விமானத்தில் யாழ்ப்பாணம் இறங்கினாலும், தெற்கே போகும் ரயில் பாதையில் அனுராதபுரம் வழியிலேயே இருக்கிறது. அப்படி வருபவர்கள் அதை விட்டுவிட்டுப் பொலன்னறுவையைத் தேடிப் போவது வீண் அலைச்சல். மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்களுக்குப் பொலன்னறுவை அதேபோல் வழித்தடத்தில் அமைகிறது. பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பழைய நகரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கதுருவலையில் இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கண்டி, தம்புள்ளை, சிகிரியா என்று சுற்றுபவர்களுக்கும் பொலன்னறுவையே எளிது. ஜூன் மாதம், பௌத்தம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் பொசொன் பௌர்ணமியை ஒட்டி அனுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் மக்கள் வெள்ளம். வழிபாட்டைக் காண விரும்பினால் அதுவே நல்ல நாள், கட்டடங்களைப் பார்க்க விரும்பினால் தவிர்க்க வேண்டிய நாள். நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டு இடத்திலும் வடகிழக்குப் பருவமழை.

அப்பாவுக்கு வருகிறேன். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பொலன்னறுவையில் நான் கல்வெட்டு, மன்னன், ஆண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன், மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார். அனுராதபுரத்தில் போதி மரத்தின் வெளிப்பிராகாரத்தில் மணலில் உட்கார்ந்தவர் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு முதியவர் பாலியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. கிளம்பும்போது அந்த முதியவர் தம் தட்டிலிருந்து ஓர் அல்லிப்பூவை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அந்த ஒரே இடத்தோடு அன்றைய பகலை முடித்துக்கொண்டோம். ஜேதவனராமயாவைக் காரிலிருந்தே பார்த்தார். அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆகவே கோயிலுக்குப் போகிற மனத்தோடு போகிறவர்கள், அதிகம் நடக்க முடியாமல் ஓரிடத்தில் அமர விரும்பும் பெரியவர்கள், எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணாதவர்கள் அனுராதபுரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நகரம் எப்படி அமைந்திருந்தது, அரண்மனை எங்கே, குளம் எங்கே, மருத்துவசாலை எங்கே, வெளியூர்க்காரன் தன் கடவுளை எங்கே வைத்தான் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களும் பொலன்னறுவைக்கு.

ஒரே பகலில் இரண்டையும் முடித்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். இடையே நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகலாம். ஏற்காதீர்கள், உச்சிவெயிலில் ஓர் ஊரையும் இருட்டுவதற்குள் இன்னோர் ஊரையும் ஓடி ஓடிப் பார்த்து இரண்டையுமே இழப்பீர்கள். சிகிரியாவையோ கடற்கரையின் ஒரு நாளையோ குறைத்து இரண்டு பகல் ஒதுக்க முடிந்தால், ஏறத்தாழ நடுவில் இருக்கும் ஹபரணையில் தங்குங்கள். முதல் நாள் அனுராதபுரம், மறுநாள் பொலன்னறுவை என்ற வரிசையில் போனால் வரலாறும் அதே வரிசையில் வரும். ஹபரணையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் சாலை மின்னேரியாக் குளத்தை ஒட்டிப் போகிறது. அந்தக் குளத்தை வெட்டியவனும் ஜேதவனராமயாவைக் கட்டிய அதே மகாசேனன்தான். அந்தச் சாலையில் மாலையில் யானைகள் குறுக்கே வரும். திரும்பும்போது இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.